பெயின்ற் அடிப்பதற்கு முன்: வீட்டில் காரின் உடற்பகுதியைத் தயார்செய்தல்

மாணவர்களே, முதலில் பின்வரும் மாதிரி வினாவை வாசியுங்கள்.

"கரையோரக் கிராமமொன்றில் வசிக்கும் ஒருவர் தமது பழைய காரின் கதவில் துருப்பிடித்திருந்த இடத்தின் மேல் பட்டி பூசி, தேய்த்துச் சமப்படுத்தி, புதிதாகப் பெயின்ற் அடிப்பித்தார். நான்கு மாதங்களின் பின்னர் அதே இடத்தில் பெயின்ற் கொப்புளமாக எழும்பியது. கொப்புளத்தைக் குத்தியபோது உள்ளே ஈரமும் கபில நிறத் தூளும் காணப்பட்டன. இதற்கான காரணத்தை விளக்குக."

வகுப்பில் இவ்வினாவைக் கொடுத்தால் அரைவாசிப் பேர் "பெயின்ற் தரமற்றது" என்று எழுதிவிட்டுப் பேனையை மூடிவிடுவார்கள். அந்த விடைக்குப் புள்ளி இல்லை. வினாவிலே பெயின்றின் தரம் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தரப்பட்ட தரவுகள் மூன்று: கரையோரம், துருவின் மேல் பூசியமை, உள்ளே இருந்த ஈரம். இம்மூன்றையும் தொடர்புபடுத்துவதே விடை. அதற்கு வேண்டிய விஞ்ஞானம் முழுவதும் நீங்கள் ஏற்கெனவே படித்ததுதான். ஆனால் அது பாடநூலின் வெவ்வேறு அலகுகளில் சிதறிக் கிடக்கின்றது. ஒரு காரின் உடற்பகுதியை வீட்டு முற்றத்தில் வைத்துத் தயார்செய்யும் வேலையைப் படிப்படியாகப் பார்த்தால் அவை ஒன்றாகச் சேரும்.

காரின் உடல் பெரும்பாலும் மெல்லிய உருக்குத் தகட்டாலானது. தகட்டின் தடிப்பு ஏறத்தாழ 0.7 முதல் 1 மில்லிமீற்றர் வரை. தொழிற்சாலையில் அதன் மேல் இடப்படும் பூச்சுப் படைகள் எல்லாவற்றினதும் மொத்தத் தடிப்பு ஏறத்தாழ 0.1 முதல் 0.15 மில்லிமீற்றர் மட்டுமே. இரண்டு தலைமயிரை அடுத்தடுத்து வைத்தால் வரும் தடிப்பு அது. இவ்வளவு மெல்லிய படையால் பள்ளத்தை நிரப்ப முடியாது, கீறலை மறைக்க முடியாது, துருவை நிறுத்தவும் முடியாது. கீழே இருப்பதை அப்படியே மேலே காட்டுவதே அதன் இயல்பு. ஆகவே வேலையின் பெரும்பங்கு பெயின்ற் அடிப்பதற்கு முன்னரே முடிந்துவிடுகின்றது. கராச்சில் கூலியின் பெரும்பகுதியும் இந்தத் தேய்ப்பு வேலைக்கே போகின்றது. அதனால்தான் பலர் இந்தப் பகுதியை மட்டும் வீட்டிலே செய்துவிட்டு, பெயின்ற் அடிப்பதைத் தொழில் தெரிந்தவரிடம் விடுகின்றனர்.

உதாரணத்திற்கு மொறிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்வோம். 1948 தொடக்கம் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தி செய்யப்பட்ட இக்காரை யாழ்ப்பாணத்து வீதிகளில் நீங்கள் கண்டிருப்பீர்கள். எனது மாமாவிடமும் ஒன்று இருந்தது. ஒரு கலியாணத்துக்கு முன் அவசரமாக நிறம் மாற்றி, கலியாண அல்பம் வந்து சேரும் முன்னரே கதவின் கீழ்விளிம்பு கொப்புளித்தது. மேலேயுள்ள வினா அங்கிருந்துதான் பிறந்தது.

முதலில் சோதனை

தேய்க்கத் தொடங்குவதற்கு முன் காரைச் சுற்றி நடந்து பாருங்கள். மெல்லிய துணியால் சுற்றிய ஒரு சிறு காந்தத்தை உடலின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். உருக்குத் தகட்டில் காந்தம் ஒட்டும். முன்னர் யாரோ தடிப்பாகப் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது, அல்லது மிகத் தளர்வாக ஒட்டும். காந்தத்திற்கும் தகட்டிற்கும் இடையிலான தூரம் கூடக் கவர்ச்சி விசை விரைவாகக் குறைவதே காரணம். (அலுமினியப் பாகமாயினும் ஒட்டாது. அதைப் பட்டி என்று நினைத்து உரிக்கத் தொடங்காதீர்கள்.)

கதவுகளுக்குக் கீழே, காரின் நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதியை விசேடமாகச் சோதிக்க வேண்டும். மொறிஸ் மைனர் போன்ற கார்களில் தனியான அடிச்சட்டகம் இல்லை. உடலே சுமையைத் தாங்குகின்றது. திருப்புளியின் பிடியால் தட்டும்போது கணீர் என்ற ஒலிக்குப் பதிலாக மந்தமான ஒலி வந்தால், அல்லது முனையால் மெல்ல அழுத்தும்போது தகடு உள்ளே போனால், அந்த இடத்தில் உலோகம் துருவாக மாறிவிட்டது. அங்கே பட்டி பூசுவது பிழை என்பது மட்டுமல்ல, ஆபத்தும் ஆகும். பட்டிக்குச் சுமை தாங்கும் வலிமை இல்லை. பார்வைக்கு முழுமையாகத் தெரியும் கார், மோதலின்போது அந்த இடத்திலே மடிந்துவிடும். உக்கிய பகுதியை வெட்டி நீக்கி, புதிய தகடு வைத்து ஒட்டுவித்த பின்னரே மற்ற வேலை. அது வீட்டு வேலை அன்று. ஒட்டு வேலை தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

கழுவுதல்: எளியது என்று நினைக்கும் படி

அரத்தாளை எடுப்பதற்கு முன் காரைச் சவர்க்கார நீரால் நன்கு கழுவ வேண்டும். அதன் பின் மெழுகும் எண்ணெயும் நீக்கும் கரைப்பானைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். இதற்கு இரண்டு துணிகள் தேவை. ஒன்றால் நனைத்து, கரைப்பான் ஆவியாகும் முன்னரே மற்ற உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெயை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குப் பரப்பியதாகவே முடியும்.

"தேய்த்த பிறகு துடைத்தால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. மெழுகு இருக்கும்போதே தேய்த்தால் அரத்தாளின் மணிகள் மெழுகைக் கீறல்களுக்குள் அழுத்திவிடும். பின்னர் அதை வெளியே எடுப்பது கடினம். மெழுகோ, மினுக்கும் திரவங்களிலுள்ள சிலிக்கனோ எஞ்சிய இடத்தில் திரவப் பெயின்ற் பரவாது. மேற்பரப்பு இழுவிசையால் அது பின்வாங்கி, வட்டமான சிறு குழிகளை உண்டாக்கும். பெயின்ற்காரர் இதை "மீன்கண்" என்பர். எண்ணெய் தடவிய தட்டில் நீர் பரவாமல் துளியாக நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வினாவிலுள்ள "கரையோரம்" என்ற சொல்லுக்கு வருவோம். கடற்காற்று உப்புத் துணிக்கைகளைக் கொண்டுவந்து காரில் படியவிடுகின்றது. அது மட்டுமன்றி, யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கரையை அண்டிய பல கிணறுகளின் நீர் உவர்நீர். அந்த நீரால் காரைக் கழுவி வெயிலில் காயவிட்டால் நீர் ஆவியாகும், உப்பு தகட்டிலே தங்கிவிடும். எனவே கடைசிக் கழுவலை நல்ல நீரால் செய்து, காயவிடாமல் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். வியர்வையிலும் உப்பு உண்டு. வெற்று உலோகத்தை வெறுங்கையால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

அந்தச் சிறிதளவு உப்பு என்ன செய்யும்? பெயின்ற் படை முற்றிலும் நீர்புகாதது அன்று. நீர் மூலக்கூறுகள் மிக மெதுவாக அதனூடாகச் செல்லும், கரைந்த உப்பு இலகுவில் செல்லாது. இப்போது உயிரியலில் படித்த பிரசாரணத்தை நினைவுகூருங்கள். பெயின்ற் படை பகுதியாக ஊடுபுகவிடும் மென்சவ்வு போலத் தொழிற்படுகின்றது. உள்ளே செறிந்த உப்புக் கரைசல், வெளியே மழைநீர் அல்லது பனிநீர். நீர் உள்ளே செல்கின்றது, அமுக்கம் கூடுகின்றது, பெயின்ற் கொப்புளமாக எழும்புகின்றது. உலர்ந்த முந்திரிகை வற்றலை நீரிலிட்டால் வீங்குவதும் இதே செயன்முறைதான். கொப்புளத்தின் உள்ளே ஈரம் இருந்ததற்கான காரணம் இதுவே.

துருவை நீக்குதல்

இரும்பு + ஒட்சிசன் + நீர் → நீரேறிய இரும்பு ஒட்சைட்டு. இதனை எல்லோரும் எழுதுவீர்கள். ஆனால் இரண்டு விடயங்களைப் பலர் எழுதுவதில்லை. ஒன்று, துருவின் கனவளவு அது உருவாகிய இரும்பின் கனவளவைவிடப் பல மடங்கு அதிகம். எனவே பூச்சின் கீழே துரு வளரும்போது பூச்சை மேலே தள்ளுகின்றது. இரண்டு, துரு நுண்டுளைகள் கொண்டது. அலுமினியத்தின் ஒட்சைட்டுப் படை உலோகத்தை மூடிக் காப்பது போல இரும்பின் துரு காப்பதில்லை. மாறாக நீரையும் உப்பையும் பிடித்து வைத்திருக்கின்றது. உப்புக் கரைசல் நல்ல மின்பகுபொருள் ஆகையால் அரிப்பு விரைவாகின்றது. துருவின் மேல் பெயின்ற் பூசுவது நனைந்த கடற்பஞ்சின் மேல் பூசுவதைப் போன்றது.

ஆகவே துருவைப் பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை நீக்க வேண்டும். கம்பித் தூரிகையால் தளர்ந்த துருவை உதிர்த்து, 80 ஆம் இலக்க அரத்தாளால் தேய்த்து, துருவிடத்தைச் சுற்றி நல்ல பெயின்ற்றும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் வரை உரியும்படி செய்யுங்கள். துரு பெயின்றின் கீழே ஊர்ந்து செல்வதால், கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிறுத்தக் கூடாது. எவ்வளவு தேய்த்தாலும் சிறு குழிகளினுள் கறுப்புப் புள்ளிகள் எஞ்சும். அவற்றிற்குப் பொசுபோரிக்கமிலம் கொண்ட துருநீக்கி பயன்படும். அது துருவுடன் தாக்கமுற்று இரும்புப் பொசுபேற்றை உண்டாக்கும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். ரின்னில் கூறப்பட்டவாறு மிச்ச அமிலத்தை நீக்கி உடனே உலர்த்துங்கள். அமிலம் எஞ்சினால் அதன் மேல் இடும் பிறைமர் சரியாக இறுகாது.

வெற்று உருக்கை இரவு முழுவதும் திறந்து விடாதீர்கள். கரையோரக் காற்றில் காலையில் பார்க்கும்போது மெல்லிய செம்மஞ்சட் படை தோன்றியிருக்கும். காலையில் உரித்த இடத்தை மாலைக்குள் பிறைமரால் மூடக்கூடிய அளவுக்கு மட்டும் வேலையை எடுங்கள். ஒரு நாளில் முழுக் காரையும் உரித்துப் போடுவது உற்சாகத்தில் செய்யும் தவறு. இன்று ஒரு கதவு, நாளை மறு கதவு.

பழைய காரின் பெயின்றில் ஈயச் சேர்வைகள் இருக்கலாம். அதனை உலர்வாகத் தேய்த்தால் தூசி சுவாசத்தோடு உட்செல்லும், தரையில் படிந்து தவழும் குழந்தையின் கைக்கும் போகும். நீர் தொட்டுத் தேய்க்கும் தாளால் நனைத்துத் தேய்த்து, கழிவைக் கடதாசியில் சேர்த்து அகற்றுங்கள். கிணற்றடியில் வைத்து இவ்வேலையைச் செய்யவே கூடாது.

பள்ளங்களும் பட்டியும்

நெளிந்த தகட்டை முதலில் பின்புறமிருந்து மரச் சுத்தியலால் தட்டி, இயன்றளவு பழைய வடிவத்திற்குக் கொண்டுவர வேண்டும். எஞ்சும் சிறு வேறுபாட்டிற்கே பட்டி. மூன்று மில்லிமீற்றருக்கு மேல் பட்டி தேவைப்பட்டால் இன்னும் தட்டவேண்டியிருக்கின்றது என்று கொள்ளுங்கள். தகடும் பட்டியும் வெப்பத்தால் விரிவது ஒரே அளவில் அன்று. எனவே தடித்த பட்டி காலப்போக்கில் வெடித்துக் கழன்றுவிடும்.

காருக்குப் பாவிக்கும் பட்டி, சுவருக்குப் பூசும் பட்டி அன்று. அது பொலியெசுத்தர்ப் பிசினுடன் தால்க்குத் தூள் கலந்த பசை. அதனுடன் ஒரு சிறு குழாயில் நிறமுள்ள ஹாட்னர் கிடைக்கும். அதிலிருப்பது பென்சொயில் பரவொட்சைட்டு. வழக்கமான விகிதம் திணிவின்படி 100 இற்கு 2 அளவு. அதாவது 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹாட்னர். கலந்ததும் பிசின் மூலக்கூறுகள் குறுக்குப் பிணைப்புகளால் இணைந்து இறுகுகின்றன. கலந்த பட்டியை வைத்திருக்கும் பலகையை அடியில் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். இது ஒரு புறவெப்பத் தாக்கம்.

வெப்பநிலை கூடத் தாக்கவீதம் கூடும் என்பது இங்கே கைமேல் தெரியும். நிழலில் சில நிமிடங்கள் இளக்கமாக இருக்கும் பட்டி, நண்பகல் வெயிலில் சூடேறிய தகட்டில் பூசி முடிக்கும் முன்னரே கட்டியாகிவிடும். உடனே பலர் செய்வது ஹாட்னரைக் குறைப்பது. அது பிழை. குறைத்தால் பட்டியின் உட்பகுதி முழுமையாக இறுகாது. கூட்டினாலும் கேடுதான், மிகையான பரவொட்சைட்டு பின்னர் மேற்பூச்சின் நிறத்தைக் கறைப்படுத்தும். விகிதத்தை மாற்றாமல், நிழலில் நின்று, சிறிது சிறிதாகக் கலவுங்கள்.

இறுகிய பட்டியை நீர் தொட்டுத் தேய்க்கக் கூடாது. முன்னர் நனைத்துத் தேய்க்கச் சொன்னேன், இப்போது கூடாது என்கிறேன், ஏன்? பழைய பெயின்ற் நீரை உறிஞ்சாது, பட்டி உறிஞ்சும். உறிஞ்சிய நீர் மேலே பிறைமர் வந்தவுடன் உள்ளே அடைபட்டுத் தகட்டை அரிக்கும். ஆகவே பட்டியை உலர்வாகவே தேய்க்க வேண்டும், மூக்கையும் வாயையும் இறுக மூடும் தூசிக் கவசத்துடன். முகத்தில் கைலேஞ்சி கட்டுவது நுண்ணிய தூசியைத் தடுக்காது.

தேய்ப்பு

கடையில் "சாண்ட் பேப்பர்", "வோட்டர் பேப்பர்" என்று கேட்டு வாங்கும் அரத்தாள்களின் பின்புறத்தில் ஓர் இலக்கம் இருக்கும். இலக்கம் கூடினால் மணிகள் சிறியவை. 80 ஆம் இலக்கத் தாளின் மணிகள் சராசரியாக 0.2 மில்லிமீற்றர், 400 ஆம் இலக்கத்தில் ஏறத்தாழ 0.035 மில்லிமீற்றர். பூச்சின் மொத்தத் தடிப்பு 0.15 மில்லிமீற்றர் அளவு என்று மேலே படித்தீர்கள். 80 ஆம் இலக்கத் தாள் விட்ட கீறலை அப்பூச்சு மறைக்காது என்பது இப்போது விளங்கும். பட்டியை வடிவமைக்க 80, அதன் கீறல்களை நீக்க 180, பின்னர் 240 அல்லது 320, பிறைமரின் மேல் 400 உம் அதற்கு மேலும் என்று படியிறங்க வேண்டும். 80 இலிருந்து நேரே 400 இற்குத் தாவுபவர் நாள் முழுவதும் தேய்ப்பார், கீறல் போகாது. நல்ல நிலையிலுள்ள பழைய பெயின்ற்றை முழுவதும் உரிக்க வேண்டியதில்லை. அதன் பளபளப்பு மங்கும்வரை தேய்த்தால் போதும். கரடாகிய மேற்பரப்பில் தொடுகைப் பரப்பளவு கூடுவதால் புதிய பூச்சு பற்றிப் பிடிக்கும்.

தாளை விரலால் அழுத்தித் தேய்க்கக் கூடாது, தட்டையான கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். இதனை ஒரு கணிப்பால் காட்டலாம். நீங்கள் 20 நியூற்றன் விசையைப் பிரயோகிக்கிறீர்கள் என்க. விரல் நுனிகளின் தொடுகைப் பரப்பளவு 4 சதுர சென்ரிமீற்றர் எனின்,

அமுக்கம் = விசை ÷ பரப்பளவு = 20 ÷ 0.0004 = 50 000 பஸ்கால்.

அதே விசையை 100 சதுர சென்ரிமீற்றர் பரப்பளவுள்ள கட்டையின் மேல் பிரயோகித்தால்,

அமுக்கம் = 20 ÷ 0.01 = 2 000 பஸ்கால்.

விரலின் கீழே அமுக்கம் 25 மடங்கு. எனவே விரல்கள் பட்ட இடமெல்லாம் வாய்க்கால் போலக் குழியும். தேய்க்கும்போது தெரியாது, பளபளப்பான பெயின்ற் வந்த பின் வெயிலில் அலையலையாகத் தெரியும். (சதுர சென்ரிமீற்றரைச் சதுர மீற்றராக மாற்றும்போது 100 ஆல் வகுப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் இருக்கிறார்கள். 10 000 ஆல் வகுக்க வேண்டும்.)

சமதளம் வந்துவிட்டதா என்று அறிய ஓர் எளிய உபாயம் உண்டு. பிறைமரின் மேல் கறுப்பு நிறத்தை மிக மெல்லிதாகத் தூவி, காய்ந்த பின் கட்டையால் தேய்த்துப் பாருங்கள். மேடான இடங்களில் கறுப்பு முதலில் போய்விடும், பள்ளங்களில் எஞ்சி நிற்கும்.

பிறைமரும் அதன் பின்னரும்

சாம்பல் நிறப் பிறைமர் அடித்துவிட்டால் கார் பாதுகாப்பாகிவிட்டது என்று எண்ணி, பணம் சேரும்வரை மாதக்கணக்கில் முற்றத்தில் விட்டுவிடுவோர் பலர். தேய்ப்பதற்கு இலகுவான சாதாரண பிறைமர் நுண்டுளைகள் கொண்டது. மழைநீர் அதனூடாகத் தகட்டை அடையும். வெற்று உலோகத்தின் மேல் முதலில் எப்பொக்சிப் பிறைமர் பூசினால் நீர் புகுவது பெருமளவு தடுக்கப்படும். சிறிய இடங்களுக்கு அதைத் தூரிகையாலும் பூசலாம். கையுறையும் நல்ல காற்றோட்டமும் வேண்டும். எப்படியாயினும் மேற்பூச்சுக்குத் திகதி குறித்த பின்னரே உரிக்கத் தொடங்குவது புத்தி. வடக்கு கிழக்கில் மாரி மழைக்கு முன்னரே முடியும்படி பாருங்கள். ஈரப்பதன் மிகுந்த நாளில் விரைவாக உலரும் பெயின்ற் அடித்தால், கரைப்பான் ஆவியாவதற்கு வேண்டிய மறைவெப்பத்தை மேற்பரப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள நீராவி அதில் ஒடுங்கும். பெயின்ற் வெண்மையாக மங்கும்.

வீட்டு வேலை இங்கே நிற்க வேண்டும். இன்று கார்களுக்கு அடிக்கும் இரண்டு பகுதிப் பெயின்றுகளின் ஹாட்னரில் பெரும்பாலும் ஐசோசயனேற்றுச் சேர்வைகள் உள்ளன. அவற்றின் நுண்துளிகளைச் சுவாசித்தால் தீராத ஆஸ்துமா ஏற்படலாம். ஒரு தடவை உணர்திறன் ஏற்பட்டவருக்குப் பின்னர் மிகச் சிறிதளவே மூச்சுத்திணறலை உண்டாக்கும். சாதாரண கவசம் போதாது. வெளியிலிருந்து தூய காற்றுக் குழாய் வழியே வரும் கவசம் வேண்டும். அது வீட்டில் இராது. தின்னர் வகைகளின் ஆவி வளியைவிட அடர்த்தி கூடியது. தரையோடு பரவிச் சென்று சமையலறை அடுப்பிலோ சுவாமியறை விளக்கிலோ தீப்பற்றும். தயார்செய்யும் வேலையின்போதும் இதை மறவாதீர்கள்.

இனி முதல் வினாவுக்கு விடை எழுதுவோம்.

"துருவை முற்றாக நீக்காமல் அதன் மேல் பட்டியும் பெயின்றும் பூசப்பட்டுள்ளன. நுண்டுளைகளுள்ள துருவில் நீரும், கடற்காற்றிலிருந்து படிந்த உப்பும் அடைபட்டிருந்தன. உப்புக் கரைசல் மின்பகுபொருளாகத் தொழிற்பட்டு அரிப்பை விரைவாக்கியது. பெயின்ற் படையினூடாகப் பிரசாரணம் மூலம் மேலும் நீர் உட்சென்றது. துருவின் கனவளவு இரும்பினதைவிடக் கூடியதாகையாலும், உட்சென்ற நீரின் அமுக்கத்தாலும் பெயின்ற் மேலே தள்ளப்பட்டுக் கொப்புளமானது."

பயிற்சிக்காக இன்னும் ஒன்று. ஒருவர் காரின் கதவிலுள்ள பட்டியை நீர் தொட்டுத் தேய்த்தார், அன்று மாலையே சாதாரண சாம்பல் நிறப் பிறைமர் அடித்தார், பின்னர் மார்கழி மாதம் முழுவதும் காரை மாமரத்தின் கீழ் விட்டுவைத்தார். (அ) அவர் செய்த தவறுகள் இரண்டைக் குறிப்பிடுக. (ஆ) ஒவ்வொரு தவறினாலும் நீர் தகட்டை அடையும் வழியை விளக்குக. (இ) கதவின் தகடு நாகம் பூசப்பட்ட உருக்காக இருந்திருப்பின், பூச்சு உரிந்த இடத்தில் முதலில் அரிப்புறும் உலோகம் எது? தாக்கவீதத் தொடரைக் கொண்டு காரணம் தருக.